ஒரு விரற்கடை ஆழம்

1

போன செவ்வாய்க்கிழமையோடு இந்த விதைக் கம்பெனியில் நான் சேர்ந்து பன்னிரண்டு வருடம் முடிந்தது. காபி இடைவேளையில் எல்லோரையும் கேன்டீனில் நிற்க வைத்து, எனக்கு ஒரு பூங்கொத்தும் ஒரு துண்டு கேக்கும் கொடுத்தார்கள். கொடுத்தவன் யூரியன். ஆசிய விற்பனைப் பிரிவின் மேலாளர். என்னைவிடப் பதினான்கு வயது சின்னவன். "பன்னிரண்டு வருடம், கானா. எங்களுக்கெல்லாம் பெருமை" என்றான். நாலு மாதத்துக்கு முன்னால் எனக்குக் கொடுத்த எச்சரிக்கைக் கடிதத்தில் கையெழுத்துப் போட்டவனும் இவன்தான். இரண்டையும் ஒரே முகத்தோடு செய்தான். இந்த ஊரில் யாரும் குரலை உயர்த்த மாட்டார்கள். மரியாதை குறையாமல் ஒருவரை மட்டம் தட்டுவதற்குப் பள்ளிக்கூடத்திலேயே பாடம் வைத்திருப்பார்கள் போல.

என் பெயர் கனகவல்லி. அது நீளம் என்று முதல் நாளே வெட்டிக் கானா ஆக்கிவிட்டார்கள். புதிதாகச் சேருகிறவர்கள் நான் ஆப்பிரிக்காவா என்று கேட்பார்கள். கவுஞ்சி என்று சொன்னால் உங்களிலேயே பாதிப் பேருக்குத் தெரியாது, அவர்களைச் சொல்லி என்ன. கொடைக்கானலுக்கு வருகிறவர்கள் ஏரியைச் சுற்றிச் சைக்கிள் விட்டு, மிஞ்சிப்போனால் பூம்பாறை வரை வந்து, படிக்கட்டு வயல்களைப் படம் எடுத்துக்கொண்டு திரும்பிவிடுவார்கள். அந்தப் படத்துக்குள் குனிந்து நிற்கிறவர்களின் ஊர் எது என்று கேட்க யாருக்கும் நேரம் இருக்காது. பூம்பாறையைத் தாண்டி, மன்னவனூரையும் தாண்டினால் எங்கள் ஊர். அதற்கும் அப்பால், ரோடு முடிகிற இடம் கிளாவரை.

2

நாங்கள் இருப்பது நெதர்லாந்தின் வடக்கே, கடலைத் தள்ளிவிட்டு எடுத்த தட்டை நிலத்தில். ஒரு மேடு கிடையாது. கம்பெனிச் சுவரில் "உலகுக்கு உணவளிக்கிறோம்" என்று ஆள் உயர எழுத்தில் எழுதியிருக்கிறது. நான் வேலை பார்க்கும் மூன்றாம் பேக்கிங் லைனில் நின்று பார்த்தால் சங்கதி வேறு மாதிரி. விதை விளைவது சிலியிலோ பிரான்சிலோ ஏதோ ஒரு வயலில். அது மூட்டையில் இங்கே வந்து, சலித்து, மருந்தும் ஆரஞ்சுச் சாயமும் பூசிக்கொண்டு, டின்னுக்குள் போய், தாவரச் சுகாதாரச் சான்றிதழ் ஒன்றை வாங்கிக்கொண்டு, மறுபடி கப்பலேறுகிறது. சிலிக்காரன் விதைத்து, கவுஞ்சிக்காரன் அறுத்து, நடுவில் டின்னை மூடுகிறவர்கள் உலகுக்கு உணவளிக்கிறார்கள்.

கொடைக்கானலில் தாவரவியல் படித்தவள் நான். வந்த புதிதில் அந்தப் பட்டத்தை மதிப்பீட்டு அலுவலகத்துக்கு அனுப்பினேன். ஐந்து மாதம் கழித்து, அது இங்கத்திய மேல்நிலைப் பள்ளிக்குச் சமம் என்று கடிதம் வந்தது. கூடவே, பட்டத்தில் இருக்கும் பெயரும் பாஸ்போர்ட்டில் இருக்கும் பெயரும் ஒன்றுதானா என்று நிரூபிக்க மூன்று படிவங்கள். நான் படிவங்களை நிரப்பவில்லை. லைனில் சேர்ந்துவிட்டேன்.

இந்த டின்கள் எனக்குப் புதிதில்லை. எனக்குப் பத்து வயதிருக்கும்போதே அப்பா வத்தலக்குண்டு விதைக்கடையிலிருந்து இதே மாதிரி டின் வாங்கி வருவார். ஆங்கிலத்தை வாசிக்க வேண்டியது என் சோலி. "ஹாலந்து" என்று போட்டிருக்கும். அது கடைக்காரர் பெயர் என்று ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். அதைச் சொல்லி உருகப்போவதில்லை. வெள்ளனே எழுந்து ஓடைத் தண்ணீரில் கேரட் கழுவிக் கை விறைத்துப்போய், பேனா பிடிக்க முடியாமல் பள்ளிக்கூடத்தில் அடி வாங்கியவளுக்கு உருக ஒன்றும் இல்லை. அப்பா போன பிறகு அண்ணன் நிலத்தைக் குத்தகைக்கு விட்டுவிட்டுப் பழனியில் செல்போன் கடை வைத்திருக்கிறான். புத்திசாலி.

போன அக்டோபரில் அலுவலகம் இருக்கும் மேல்மாடியிலிருந்து எனக்கு ஒரு மின்னஞ்சல் வந்தது. இத்தனை வருடத்தில் முதல் தடவை. தென்னிந்தியாவில் ஒரு விவசாயி கேரட் விதை மேல் புகார் கொடுத்திருக்கிறார், உள்ளூர் டீலரின் ஆங்கிலம் சரியில்லை, நேரடியாகப் பேச வேண்டும், உனக்கு "இந்திய மொழி" தெரியுமா என்று யூரியன் கேட்டிருந்தான். ஊர் கிளாவரை என்று பார்த்ததும் மின்னஞ்சலை மறுபடி மேலிருந்து வாசித்தேன். கூடவே ஒரு படிவம். அந்தப் பகுதியோடு எந்தத் தொடர்பும் இல்லை என்று கட்டத்தில் டிக் போட வேண்டும். தொடர்பு இருந்தால் வெளியாள் ஒருவரை வைத்துக்கொள்வார்களாம்.

என் ஊரிலிருந்து பஸ்ஸில் போகிற தூரம். ஆனால் எனக்கு மேல்மாடி வேண்டியிருந்தது. நாற்காலியில் உட்கார்ந்து பார்க்கும் வேலை வேண்டியிருந்தது. அண்ணன்தான் பழனிக்குப் போய்விட்டானே, அங்கே எனக்கு யார் இருக்கிறார்கள் என்று நானே எனக்கு வக்கீலாக வாதாடி, டிக் போட்டேன்.

3

வெள்ளிக்கிழமைகளில் மேல்மாடிக்காரர்கள் வீட்டிலிருந்து வேலை பார்ப்பார்கள். அதனால் நானும் அன்று வீட்டில். சாப்பாட்டு மேசையில் லேப்டாப்பைத் திறந்து வைத்துக்கொண்டேன். பள்ளி விடுமுறை என்பதால் என் மகள் இனியா மேசையின் மறுபக்கம் காதில் எதையோ மாட்டிக்கொண்டு படம் வரைந்துகொண்டிருந்தாள். பதினைந்து வயது. என்னோடு டச்சில்தான் பேசுவாள். ஞாயிற்றுக்கிழமைத் தமிழ்ப் பள்ளியை இரண்டே வருடத்தில் விட்டுவிட்டாள். அந்தப் பள்ளியில் சொல்லிக்கொடுத்த தமிழை நானே பேச மாட்டேன் என்பதால் நானும் வற்புறுத்தவில்லை.

திரையில் ஒரு கட்டத்தில் யூரியன். இன்னொன்றில் தலையில் மப்ளர் கட்டிய ஒருவர். பின்னால் மேகம் இறங்கிய சரிவு. நான் என் கேமராவை அணைத்து வைத்திருந்தேன்.

"கேக்குதுங்களா? நான் கிளாவரை தங்கப்பாண்டி பேசுறேங்க. ஊருக்குள்ள டவர் நிக்காதுங்க. மேட்டுக்கு ஏறி வந்து பேசுறேன்."

"கேக்குது சார், சொல்லுங்க" என்றேன். என் வாயில் அந்த "சார்" எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை.

"அரை ஏக்கர் போட்டேங்க. மொளைப்பெல்லாம் நல்லாத்தான் இருந்துச்சு, குறை சொல்ல மாட்டேன். அம்பது நாள்ல பாத்தா அங்கொண்ணும் இங்கொண்ணுமாத் தண்டு விட்டு நிக்குது. அதுக்கப்புறம் வெரசா முக்காவாசியும் பூவெடுத்துருச்சு. புடுங்கிப் பாத்தா கெழங்கு நார் பாஞ்சு கட்டையாக் கெடக்கு. மாட்டுக்குப் போட்டேன். மாடு மோந்து பாத்துட்டுப் போயிருச்சு."

அவர் டின்னைத் தூக்கிக் கேமராவுக்கு நேரே காட்டினார். அடியில் அச்சடித்த எண்ணை யூரியன் குறித்துக்கொண்டான். எண்ணின் கடைசியில் மூன்று. எங்கள் லைன் மூடிய டின்.

நான் டச்சில் சொல்லி முடித்ததும் தங்கப்பாண்டி கேட்டார்: "நீங்க பேசுறது நம்ம பக்கம் மாதிரி இருக்கே. எந்த ஊருங்க?"

நான்கைந்து வார்த்தைதான் பேசியிருந்தேன். அதற்குள் கண்டுபிடித்துவிட்டார்.

"சென்னை" என்றேன்.

"அப்படிங்களா" என்றார். அதற்கு மேல் கேட்கவில்லை.

அதற்குப் பிறகு நான் ஒவ்வொரு வார்த்தையையும் துடைத்துத் துடைத்துப் பேசினேன். டி.வி.யில் செய்தி வாசிக்கிறவள் மாதிரி. விதை எப்போது போட்டீர்கள், என்ன உரம், எத்தனை தண்ணீர் என்று யூரியன் வரிசையாகக் கேட்டான். பிறகு, எவ்வளவு ஆழத்தில் விதைத்தார் என்றான். அந்த நேரம் பார்த்து மலையில் சிக்னல் இழுத்து, தங்கப்பாண்டியின் படம் அப்படியே உறைந்து நின்றது. குரல் மட்டும் வந்தது.

"ஒரு வெரக்கடை இருக்குங்க. மேலாப்பில தூவி மண்ணைத் தள்ளி விடுவோம். அதுக்கு மேல போட்டா மொளைக்காதுல்ல."

விரற்கடை என்றால் விரலின் அகலம். எங்கள் பக்கத்தில் விரலைப் படுக்க வைத்துத்தான் காட்டுவார்கள். இதைத் தெரிந்துகொள்ள எனக்குத் தாவரவியல் பட்டம் தேவையில்லை. ஆனால் அந்த நிமிடம் நான் சென்னைக்காரியாக இருப்பதில் மும்முரமாக இருந்தேன். "ஒரு விரல் ஆழம்" என்று டச்சில் சொன்னேன். அவர் சொன்ன கடைசி வாக்கியத்தைச் சொல்வதற்குள் யூரியன் அடுத்த கேள்விக்குப் போய்விட்டான். நானும் அதை விட்டுவிட்டேன்.

பேசி முடித்ததும் யூரியன், என் மொழிபெயர்ப்பு மிகவும் தொழில்முறையாக இருந்தது என்று பாராட்டினான். நான் லேப்டாப்பை மூடினேன். எதிரே இனியா காதிலிருந்ததைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஏன் சென்னை சொன்ன?" என்று தமிழில் கேட்டாள். பிறகு டச்சுக்கு மாறினாள். "அந்த ஆள் தாத்தா மாதிரியே பேசுகிறார். நீ ஏன் வேறு யாரோ மாதிரி பேசினாய்?"

"அது வேலை சம்பந்தப்பட்டது" என்றேன். இந்த நாட்டில் பிள்ளைகளிடம் எதையும் சொல்லாமல் இருக்க இதுதான் வசதியான வாக்கியம்.

4

இரண்டு வாரம் கழித்து, தமிழாக்கம் செய்யச் சொல்லி அறிக்கை என்னிடம் வந்தது. நாலு பக்கம். முதல் பக்கத்தில் விவசாயிகள் மேல் கம்பெனி வைத்திருக்கும் மதிப்பு. இரண்டாம் பக்கத்தில் நெதர்லாந்தின் விதைப் பாரம்பரியம். மூன்றாம் பக்கத்தில் ஒரே ஒரு வரி: விதை ஏறத்தாழ எட்டு சென்டிமீட்டர் ஆழத்தில் விதைக்கப்பட்டதாக விவசாயியே கூறியுள்ளார், இது பரிந்துரைக்கப்பட்ட முறை அல்ல, எனவே புகார் ஏற்கப்படவில்லை. நாலாம் பக்கத்தில் வாழ்த்து.

அன்றே இடைவேளையில் மாடி ஏறினேன். யூரியன் மேசையில் தன் ஆட்காட்டி விரலை நிமிர்த்தி, அளவுகோலை வைத்துக் காட்டினான். எட்டு சென்டிமீட்டர். "நீதானே ஒரு விரல் ஆழம் என்றாய்."

"அவர் சொன்னது விரலின் அகலம்" என்றேன். "நான்தான் தப்பாகச் சொன்னேன். அது போகட்டும். கேரட் விதையை எட்டு சென்டிமீட்டர் ஆழத்தில் போட்டால் அது வெளியே வராது. முளைக்கவில்லை என்று அவர் புகார் சொல்லவே இல்லை. முளைத்து, பூத்துவிட்டது என்பதுதான் புகார். பூப்பதற்கும் ஆழத்துக்கும் என்ன சம்பந்தம்?"

"சுவாரசியமான கேள்வி" என்றான். டச்சுக்காரன் சுவாரசியம் என்று சொன்னால் பேச்சு முடிந்தது என்று அர்த்தம். ஆங்கில அறிக்கை முந்தாநாளே டீலருக்குப் போய்விட்டது, கோப்பை மூடியாயிற்று என்றான்.

"எங்கள் பக்கத்தில் ஒரு குழந்தைகூட அப்படி விதைக்காது" என்றேன்.

அவன் நிமிர்ந்தான். "உங்கள் பக்கத்தில்?"

வாய்விட்டாயிற்று. சொன்னேன். என் ஊர் எது, அது கிளாவரையிலிருந்து எத்தனை தூரம், டிக் போட்டது பொய் என்று எல்லாவற்றையும். அவன் கோபப்படவில்லை. இவர்களுக்குக் கோபம் வராது; நடைமுறைதான் வரும். என் மொழிபெயர்ப்பு செல்லாது என்றான். சரி, அப்படியானால் அந்த மொழிபெயர்ப்பை நம்பி எழுதிய அறிக்கையும் செல்லாதுதானே என்றேன். அது வேறு துறை என்றான். வெளியாளை வைத்து மறுபடி விசாரிப்பதா என்று அந்தத் துறை முடிவெடுக்குமாம். அதுவரை அறிக்கை நிற்கும். செல்லாத மொழிபெயர்ப்புக்காக எனக்கு எச்சரிக்கைக் கடிதம். அதே மொழிபெயர்ப்பை வைத்துத் தங்கப்பாண்டிக்கு மறுப்புக் கடிதம். ஒரே வாரத்தில் இரண்டும்.

5

புகார்க் கோப்பில் அவருடைய செல் நம்பர் இருந்தது. அதைச் சொந்தப் பேச்சுக்கு எடுப்பது தனியுரிமை விதிப்படி இன்னொரு குற்றம். வீட்டுக்காரர் சேகர், "இருக்கிற வேலையையும் கெடுத்துக்காத" என்றார். தப்பாகச் சொல்லவில்லை, வீட்டுக் கடன் இரண்டு பேர் பெயரிலும் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை காலை கூப்பிட்டேன்.

"அண்ணே, கம்பெனியிலிருந்து அன்னைக்குப் பேசினேன்ல, அந்தப் பொம்பளதான்."

"சொல்லுங்க. டீலரு வாசிச்சுக் காட்டினான். எட்டு சென்டின்னு நான் சொன்னேனாம்ல. ஸ்கேல வச்சுப் பாத்தேன். பள்ளத்துல போட்டுப் பொதைக்கவா நான் வெத வாங்குனேன்?"

"அது என் தப்புண்ணே. நீங்க வெரக்கடைன்னு சொன்னதை நான் வெரல்னு சொல்லிட்டேன்."

மேட்டு வயலில் நின்றிருந்தார் போல. பக்கத்தில் ஏதோ மிஷின் ஓடும் சத்தம் கேட்டது. பிறகு ரொம்பப் பொறுமையாக, "போகுது விடுங்க தாயி. சென்னைக்காரங்களுக்கு இதெல்லாம் எங்க தெரியப்போகுது. டீலருட்டயும் அதத்தான் சொன்னேன். அந்தப் புள்ள மேல குத்தம் இல்ல, ஊரு அப்படின்னு" என்றார்.

அந்த மன்னிப்பை வாங்கிக்கொண்டு போனை வைத்திருக்கலாம். யாருக்கும் நஷ்டமில்லை. ஆனால் அப்படி வாங்கிக்கொண்டால் அதற்குப் பிறகு நான் யார் என்று எனக்கே சொல்லிக்கொள்ள முடியாது.

"நான் சென்னை இல்லண்ணே. கவுஞ்சி. பள்ளிக்கூடத்துக்கு மேல, ஓடைக்கரை வீடு."

அவர் மிஷினை நிறுத்துவது கேட்டது.

"கவுஞ்சியா" என்றார். "கவுஞ்சிக்காரிக்கு வெரக்கடை தெரியாதா?"

குரல் உயரவில்லை. தாயி என்ற சொல் போய்விட்டது. நான் ஏதோ சொல்ல ஆரம்பித்தேன். வேலை, படிவம் என்று. அவர் இடைமறித்தார்.

"ஊரைச் சொல்ல வெக்கமா இருந்துச்சா?"

"வெக்கம் இல்லண்ணே. மேல போக ஆசை."

"ம்" என்றார். "இப்ப என்ன செய்யப் போறீங்க?"

நடந்ததை எழுத்தில், என் பெயரும் கையெழுத்தும் போட்டுத் தருகிறேன் என்றேன். கொடைக்கானலில் தோட்டக்கலை ஆபீசரிடம் அதைக் காட்டி மனுக் கொடுக்கச் சொன்னேன். "அனுப்புங்க, பாப்போம்" என்றார். நன்றி சொல்லவில்லை. சொல்லியிருந்தால் என்னால் தாங்க முடிந்திருக்காது.

கடிதத்தை இரண்டு மொழியிலும் எழுதினேன். டச்சில் எந்தச் சொல்லுக்கு முன்னால் எது வரும் என்ற தகராறு இத்தனை வருடத்திலும் எனக்குத் தீரவில்லை. அதைத் திருத்தித் தரும்படி இனியாவிடம் கொடுத்தேன். அவள் பேனாவை எடுத்து முதல் மூன்று பத்தியை அப்படியே குறுக்கே அடித்துவிட்டாள். நான் எப்படிப்பட்ட சூழ்நிலையில் அப்படிச் சொல்ல நேர்ந்தது என்று விளக்கியிருந்த பத்திகள்.

"இது உன்னைப் பற்றிய கடிதமா, அவரைப் பற்றியதா?" என்றாள்.

நாலாவது பத்தியிலிருந்து கடிதம் ஆரம்பமானது. ஒரு பிரதி தங்கப்பாண்டிக்கு. ஒரு பிரதி யூரியனுக்கு.

6

அதற்குப் பிறகு நடந்ததில் வீரம் எதுவும் இல்லை. ஆபீசர் கிளாவரைக்கு வந்து வயலைப் பார்த்து எழுதிக்கொண்டு போனாராம். அங்கிருந்து கம்பெனிக்குக் கடிதம் போனது. விற்றுக்கொண்டிருக்கும் சந்தையில் அரசாங்கத் தாள் ஒன்று வந்தால் மூடிய கோப்பு எவ்வளவு சுலபமாகத் திறக்கிறது என்று அன்றுதான் பார்த்தேன். ஆழம் என்ற சொல்லே இல்லாத புதிய அறிக்கை ஒன்று தயாரானது. அந்தப் பருவத்தின் குளிர்தான் காரணம் என்றது. மலையில் குளிரும் என்பதைக் கம்பெனி அப்போதுதான் கண்டுபிடித்தது. நல்லெண்ண அடிப்படையில் விதையின் விலை மட்டும் திரும்பக் கொடுக்கப்பட்டது. இது தவற்றை ஒப்புக்கொள்வதாகாது என்று கீழே ஒரு வரி. அந்த அரை ஏக்கரில் மூன்று மாதம் குனிந்து நிமிர்ந்த உழைப்புக்குப் படிவத்தில் கட்டமே இல்லை.

என்னை வேலையை விட்டு அனுப்பவில்லை. மூன்றாம் லைனுக்கே திருப்பி அனுப்பினார்கள். மேல்மாடியில் இப்போது மொழிபெயர்ப்புக்கு ஒரு கணினிச் செயலி வைத்திருக்கிறார்கள். யூரியன் போன மாதம் ஆர்வத்தோடு எனக்குக் காட்டினான். விரற்கடை என்று தட்டிப் பார்த்தேன். விரல் விற்கும் கடை என்று சொன்னது.

மே மாத விடுமுறைக்கு ஊருக்கு வருகிறேன் என்று தங்கப்பாண்டிக்குச் செய்தி அனுப்பினேன். மறுநாள் குரல் பதிவு ஒன்று வந்தது. காற்று இரைச்சலுக்கு நடுவே பேசியிருந்தார்.

"பணம் வந்துருச்சுங்க. வெத வெலைதான். அந்த எடத்துல இப்ப பட்டாணி போட்டிருக்கேன். நீங்க எழுதிக் குடுத்த காயிதத்தை ஆபீசரு ரெண்டு தடவ படிச்சாரு. அதெல்லாம் சரி. ஊருக்கு வந்தா கவுஞ்சியோட எறங்கிப் போயிராதீங்க. கடைசி வரைக்கும் பஸ்சில வாங்க. உங்களை நேர்ல ஒக்கார வச்சு நாலு வார்த்தை கேக்கணும். போன்ல கேட்டா மரியாதையா இருக்காது."

வருகிறேன் அண்ணே என்று மட்டும் பதில் போட்டேன். டிக்கெட் எடுத்தாயிற்று. இனியாவும் கிளாவரை வரை வருவேன் என்கிறாள். அவர் கேட்பதை அவளும் பக்கத்தில் உட்கார்ந்து கேட்க வேண்டுமாம். நான் எதையும் மொழிபெயர்க்கக் கூடாது என்று இப்போதே சொல்லிவிட்டாள்.